சென்ற வார விடைகள்

முதலில் மன்னிப்பு. மேலிருந்து கீழ் நான்கு,
கீழிருந்து மேல் என்று அச்சாகிவிட்டது.
கோத்தகிரி பஸ் நிலையத்தில்
டிரிப் ஷீட்டின் பின்பக்கம் கட்டம் போடுகிறவள் நான்.
கட்டபெட்டு வண்டி ஹாரன் அடித்தால்
கை ஒரு கட்டம் தள்ளிப்போகும்.

இடமிருந்து வலம் ஒன்பது: பேரிக்காய்.
புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு,
ஆகவே ஐந்து.
'பேரி' போர்த்துக்கீசியக் கப்பலில் வந்தது.
'காய்' இங்கேயே இருந்தது.
பழுத்த பிறகும் காய் என்றே ஏன் கூப்பிடுகிறோம்
என்று எந்த அகராதியும் சொல்லவில்லை;
கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதன் இரண்டாம் கட்டத்தில் வந்து இறங்குவதுதான்
அச்சில் தலைகீழான அந்த நான்கு: அலமாரி.
அதுவும் அதே கப்பல்.
அதற்கும் முன்னால், லத்தீனில், ஆயுதம் வைக்கும் இடம்.
என்னுடையதில் இருப்பவை
ரேஷன் கார்டு, இரண்டு ஸ்வெட்டர், அந்துருண்டை,
அடித்தட்டில் செய்தித்தாள் விரித்துப்
பழுக்கட்டும் என்று போட்ட பேரிக்காய்.
'ரி' என்ற ஒரே கட்டத்தில் இரண்டும் சந்தித்ததை
நான் திட்டமிடவில்லை, நம்புங்கள்.

பன்னிரண்டு: தேயிலை. மூன்றே கட்டம்.
'தே' சீனக் கடற்கரைப் பேச்சு,
'இலை' நம்முடையது.
இரண்டும் ஒட்டாமல் நின்றபோது
நடுவில் ஒரு 'ய்' வந்து உட்கார்ந்தது.
உடம்படுமெய் என்று இலக்கணம் அதற்குப் பெயர் வைத்தது.
மலையைப் பார்த்தால் தையல் தெரியாது.
நடுக் கட்டத்தைப் பாருங்கள்.

பதினைந்து: துட்டு, டச்சுக்காரர்களின் செப்புக்காசு.
அவர்கள் போய்விட்டார்கள்.
கேட்பவர்கள் போகவில்லை.

இனி, தகராறு.

இடமிருந்து வலம் ஒன்று. குறிப்பு: சுவரின் கண்.
நான்கு கட்டம். என் விடை ஜன்னல்.
அதே கப்பல்தான், மூன்றாவது முறையாக;
இன்னும் பின்னால் போனால்
'சின்னக் கதவு' என்று அர்த்தம்.

ஒரசோலையிலிருந்து ஒருவர்
பச்சை இலை எடை போடும் சீட்டின் பின்புறம் எழுதுகிறார்:
சாளரம் என்று போட்டேன், அதுவும் நான்கு.
சொந்தச் சுவரில் இருக்கிற ஓட்டைக்கு
அடுத்தவன் வைத்த பேர் எதற்கு?
'ஜ' தமிழெழுத்தே இல்லை, அம்மா.
இப்படிக்கு,
ஜோகி.

கையெழுத்தில் அந்த ஜோ மட்டும்
கொம்பும் காலுமாகப் பெரிதாய் நின்றது.
சிரித்தேன். சீட்டைத் திருப்பியதும் சிரிப்பு நின்றது.
'சா' வந்தால் மேலிருந்து கீழ் ஒன்று உடைய வேண்டுமே?
(மற்ற மூன்றின் கீழும் கறுப்பு அடைத்தது என் சோம்பல்.)
அங்கே என் விடை ஜதை.
குறிப்பு: இன்னொன்று இல்லாவிட்டால் இது வீண்.
அவர் நிரப்பியிருந்தார்: சாவி.

பூட்டில்லாத சாவி. பொருந்துகிறது,
என் விடையைவிட நன்றாகவே.
டீக்கடை ரேடியோ ஒரு பாட்டு முடிக்கும்வரை
என் பேனாவால் எதுவும் எழுத முடியவில்லை.

ஆனால் ஜோகி,
சாவியும் அந்தக் கப்பலில் இறங்கியதுதான்.
நீங்கள் ஜன்னலைச் சாத்தினீர்கள்;
சாத்த எடுத்த சாவி
ஜன்னலுக்கு ஊர்க்காரி.

சாளரம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.
மூன்று அகராதி, மூன்று சந்தேகம்.
நான்காவதைத் திறக்கும்போது கரண்ட் போயிற்று.
டானிங்டன் பக்கமிருந்து மேகம் இறங்கி
டைம் கீப்பர் அறைக்குள் வந்தது,
பெரிய கதவு திறந்திருந்தும்
சின்னக் கதவு வழியாக.
கட்டங்கள் தெரியவில்லை. கறுப்பும் வெள்ளையும்
ஒரே ஈரம்.

பரிசு கால் கிலோ டஸ்ட் டீ, இந்த முறை இரண்டு பொட்டலம்.
ஒன்று குலுக்கலில். ஒன்று ஜோகிக்கு.
கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்,
சனிக்கிழமை முதல் டிரிப்,
ஸ்டாப்பில் நில்லுங்கள்.

இந்த வாரம், இடமிருந்து வலம் ஒன்று.
கடன் வாங்கியவர் யாரும்
இதைத் திருப்பித் தந்ததில்லை.
இரண்டு கட்டம்.
பென்சிலால் எழுதுங்கள்.